ஒருவழி வால்வு

அரை வாளி வரைக்கும் வெந்நீர்.
அதற்குமேல் யமுனை.
டிசம்பர் முழுக்க இப்படித்தான் குளித்தோம்.
தேவநாதன் தலைக்கு ஊற்றும்போது ஒரு சத்தம் போடுவார்,
கதவுக்கு வெளியே நான் எண்ணிக்கொண்டிருப்பேன்:
சரியாக ஏழாவது சொம்பு.

மயூர் விஹாரில் மூன்றாம் மாடி, வாடகை.
கீசர் வீட்டுக்காரருடையது,
மகள் கல்யாணத்துக்கு முன்னால் மாட்டியதாம்.
அந்த மகளின் பையன் இப்போது கல்லூரி போகிறான்.
மாற்றித் தாருங்கள் என்றால்
"ஓடுகிறதே" என்பார்.
ஓடத்தான் ஓடியது,
சிவப்பு விளக்கு எரிந்தது,
மீட்டர் தலைதெறிக்கச் சுற்றியது,
பில் நாலாயிரத்து இருநூறு.

நான் தணிக்கை அலுவலகத்தில் இருப்பவள்.
யார் பணம் எங்கே ஒழுகுகிறது என்று
கேள்வி எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்.

ஃபுர்கான் வந்த அன்று மூடுபனி,
எதிர் பிளாக்கையே காணோம்.
மப்ளரை அவிழ்க்காமல் ஏணியில் ஏறி
காயிலை வெளியே இழுத்தான்.
சாதம் ஒட்டிக் காய்ந்த கரண்டி மாதிரி
சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது.
இதுதானா என்றேன்.
இதுவும்தான் என்றான்.
ஸ்க்ரூடிரைவரால் தட்டத் தட்ட
ஓடு ஓடாக வாளியில் விழுந்தது.

திரும்ப மாட்டி, நீர் நிரப்பி, சுவிட்சைப் போட்டு
சூடேறும் வரை டீ குடித்தோம்.
பிறகு அவன் பச்சைத் தண்ணீர் வரும் குழாயில் கைவைத்தான்,
வைத்த கையை எடுக்கவில்லை.
"நீங்களும் தொட்டுப் பாருங்கள்."

சூடு.
உள்ளே வர வேண்டிய வழியாக
வெந்நீர் வெளியே போய்க்கொண்டிருந்தது.

நெல்லிக்காய் அளவு பித்தளை.
உள்ளே ஒரு ரப்பர் நாக்கு, அதுவும் பாதி.
"கீழே யாராவது குழாயைத் திறந்தால்
உங்கள் வெந்நீர் இறங்கிப் போய்விடும்" என்றான்.
புது வால்வு நூற்றெண்பது, கூலி முந்நூற்றைம்பது.
பழையதைக் குப்பையில் போடப் போனவனிடம்
கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் ஏழு, எட்டு, பதினொன்று,
தேவநாதனிடமிருந்து சத்தமே இல்லை.
பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

அலுவலகத்துக்கு இறங்கும்போது
மாடிப்படி அடியில், குழாய் பக்கத்தில் ஜகதேவ்.
இரவு வாட்ச்மேன். டியூட்டி முடிந்து
சப்பாத்தி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான்.
"மேடம், பைப்பில் ஏதாவது வேலை நடந்ததா?"
ஏன்?
"இந்தக் குளிருக்கு விடியற்காலையில் மட்டும்
தண்ணீர் வெதுவெதுவென்று வரும்.
போர் தண்ணீர் போல, பூமிச் சூடு என்று நினைத்தேன்.
இன்றைக்கு ஐஸ்."
கடுகெண்ணெய் தடவிய விரல்கள்,
கணுவுக்குக் கணு வெடிப்பு.
தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மெட்ரோ யமுனையைக் கடக்கும்போது
பனியில் ஆறும் தெரியவில்லை.
கசிவு: கண்டறியப்பட்டது.
பயனாளிகள்: ஒருவர்.
இழப்பு, மாதத்துக்கு…
இந்திரப்பிரஸ்தா வந்துவிட்டது.

ராத்திரி தேவநாதனிடம் சொன்னேன்.
"தினம் ஒரு வாளி கொடுத்துவிட்டால் போயிற்று."
போயிற்றா?
அவன் அறுபது படி ஏற வேண்டும்,
ஐந்து மணிக்குப் பெல்லடிக்க வேண்டும்,
நைட்டிமேல் சால்வை போர்த்துக்கொண்டு நான் திறக்க,
வாளியோடு ஒரு நன்றியையும்
தினம் தினம் சுமந்து இறங்க வேண்டும்.
போன மாதம் வந்த தண்ணீருக்கு
அவன் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
பூமிக்குக்கூட.

அவர் தூங்கிப்போனார்.

கரண்டி டிராயரில் பழைய வால்வு கிடக்கிறது,
திறக்கும்போதெல்லாம் உருளுகிறது.
கேட்க வேண்டும் ஜகதேவிடம். என்ன கேட்பது?

ஐந்து மணிக்கு கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டு
இருட்டிலேயே குளியலறையில் நிற்கிறேன்.
தண்ணீர்தான் அந்தப் பக்கம் போகாதே தவிர
சத்தம் குழாய் வழியே ஏறி வருகிறது:
கீழே திறக்கிற சத்தம்,
உடனே மூடுகிற சத்தம்.